அரிவாள்மூக்கனைப் பார்க்கப் போய் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்தேன் (சாடோ தீவு, ஜப்பான்)

வடவாற்றான் எழுதியது:

ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. போன மாதம் நான்கு நாள் சாடோ தீவுக்குப் போய் வந்தேன். வீட்டில் அதைப் பற்றி வாயைத் திறந்தாலே "போதும்பா" என்கிறார்கள், அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன்.

டோக்கியோவில் ஏழு வருடமாக இருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலை. ஊர் தஞ்சாவூர் பக்கம், அப்பா இன்னமும் நான்கு ஏக்கர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். இந்த ஏழு வருடத்தில் நான் பார்த்த ஜப்பான் கிராமம் எல்லாம் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். "அங்கே நடவெல்லாம் எப்படிடா?" என்று அப்பா போனில் கேட்கும்போதெல்லாம் "மெஷின்தான்பா" என்று ஒரே பதில் சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொல்வோம் என்றுதான் கிளம்பினேன்.

நீகாட்டா துறைமுகத்திலிருந்து கார் ஏற்றிப் போகிற கப்பலில் இரண்டரை மணி நேரம். தீவு சின்னது என்று நினைத்தால் 855 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, இரண்டுக்கும் நடுவே தட்டையாகக் குனினாகா சமவெளி, கண்ணுக்கு எட்டினவரை நெல். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தங்கச் சுரங்கத்துக்குத்தான் வருகிறார்கள், 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து இன்னும் கூட்டம். நான் போனது, ஒரு காலத்தில் ஜப்பானில் அற்றுப்போய் மறுபடி வந்த டோக்கி என்கிற பறவைக்காக. நம் வயலில் திரிகிற அரிவாள்மூக்கனுக்குப் பங்காளி முறை: அதே வளைந்த மூக்கு, ஆனால் முகம் சிவப்பு, பின்னந்தலையில் கொத்தாகத் தொங்குகிற கொண்டை.

முதலில் பார்த்தபோது ஏமாற்றம்தான். போஸ்டர், சாவிக்கொத்து, பிஸ்கட் டப்பா எல்லாவற்றிலும் வெள்ளையும் ரோஸுமாக இருந்த பறவை நேரில் சாம்பலில் புரண்ட கொக்கு மாதிரி நின்றது. கழுத்தும் முதுகும் அடுப்புக்கரி நிறம். சீக்கு வந்ததோ என்றே நினைத்தேன். அப்புறம்தான் சொன்னார்கள், குஞ்சு பொரிக்கிற காலத்தில் அதன் கழுத்துத் தோலிலிருந்து கறுப்பாக ஒன்று உதிருமாம், குளித்துவிட்டு அதைத் தலையாலேயே தேய்த்துத் தேய்த்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். ஜூன் மாதத்தில் இன்னும் அந்தப் பூச்சு போகவில்லை. ஆனால் அது கிளம்பிப் பறந்தது பாருங்கள், இறக்கையின் அடிப்பக்கம் முழுக்க, கொய்யாப்பழத்தின் உள்சிவப்பைப் பாலில் கரைத்த மாதிரி ஒரு நிறம். ஜப்பான்காரர்கள் அந்த நிறத்துக்கே டோக்கி நிறம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அது பறந்ததற்குக் காரணமும் நான்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். படம் எடுக்கிற ஆசையில் கார் கதவைத் திறந்து இறங்கினேன், கதவுச் சத்தத்துக்கே போய்விட்டது. பின்னால் ஒரு குட்டி லாரியில் வந்த பெரியவர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எனக்கு ஒரு வணக்கம் போட்டு, எதிரே இருந்த பலகையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பலகையில் "வண்டியை விட்டு இறங்காமல் பார்க்கவும்" என்று படத்தோடு போட்டிருந்தது. திட்டியிருந்தால்கூட அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன்.

நீளமாகப் போகிறது, வாய்க்கால் கதையை அடுத்ததில் எழுதுகிறேன்.

———

சும்மா_ஒருவன் எழுதியது:

பலகையில் படம் போட்டிருந்தும் இறங்கினீர்கள் பாருங்கள், அங்கேதான் நீங்கள் நம்ம ஆள். சீக்கிரம் எழுதுங்கள்.

———

வடவாற்றான் எழுதியது:

தங்கினது ஒரு விவசாயி வீட்டில். ஜப்பானில் கிராமத்து வீடுகளில் காசு கொடுத்துத் தங்கலாம், அவர்கள் சமைத்ததையே நமக்கும் போடுவார்கள். தாத்தாவுக்கு 76 வயது, பாட்டி ஒரு வயது மூத்தவர், அதை வந்த பத்து நிமிடத்தில் அவரே சொல்லிவிட்டார். பிள்ளைகள் நீகாட்டாவிலும் சைதாமாவிலும். சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன், அதனால் மூன்று வேளையும் அவர்கள் தோட்டத்துக் கத்திரிக்காய், ஊறுகாய், மலையில் பறித்த கீரை, சோறு. சோறு மட்டும் வேண்டிய அளவு.

மறுநாள் காலை "உயிர்க் கணக்கெடுப்பு இருக்கிறது, வருகிறாயா" என்றார் தாத்தா. எனக்கு ஒன்றும் புரியாமல் சரி என்றேன். போனால், வயலோரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், பாதி விவசாயிகள், பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லார் கையிலும் வலை, வெள்ளைத் தட்டு, ஒரு தாள். வயலுக்கும் வரப்புக்கும் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், அகலம் ஒரு மண்வெட்டி வீச்சு. அதற்கு அங்கே "எ" என்று பேர். ஓரெழுத்துதான், வெறும் "எ". அதில் வலையை விட்டு அள்ளித் தட்டில் கொட்டி எண்ணுகிறார்கள்.

தட்டில் என்ன தெரியுமா? அயிரை! சாட்சாத் நம்ம அயிரை மாதிரியேதான் போங்கள், கொஞ்சம் நீளம் கூட, மீசை கூட. அவர்கள் டோஜோ என்கிறார்கள். தட்டில் விட்டதும் வழுக்கிக்கொண்டு சுழன்றது. சின்ன வயதில் முறை வைத்துத் தண்ணீர் வந்த முதல் நாள் மடைவாயில் துண்டை விரித்துப் பிடித்தது எல்லாம் ஞாபகம் வந்து, நான் பாட்டுக்குத் தமிழில் "அயிரைடா" என்று கத்திவிட்டேன். பிள்ளைகளும் "அயிரேதா" என்று திருப்பிக் கத்தின, அன்று முழுக்க எனக்கு அதுதான் பேர்.

கூடவே தட்டான் பூச்சியின் குஞ்சு, நீர்வண்டு, தவளை. தவளையில் ஒன்றைத் தாத்தா உள்ளங்கையில் புரட்டிக் காட்டினார், வயிறு மஞ்சளாக இருந்தது. அந்தத் தீவில் மட்டும் இருக்கிற சாடோத் தவளையாம். காலங்காலமாக எல்லார் காலடியிலும் கிடந்தது, அது தனி இனம் என்று விஞ்ஞானிகள் எழுதிவைத்தது 2012-இல்தான். சத்தமே போடாது, கிசுகிசுக்கும் என்றார்.

இந்த வாய்க்கால் எதற்கு என்பதுதான் விஷயம். நடவு மே மாதத் தொடக்கத்தில். ஜூன் நடுவில் தண்ணீரை வடித்து வயலைக் காயப் போடுகிறார்கள். பேர் நகபோஷி, "நடுக்காய்ச்சல்" என்று சொல்லலாம். தேவைக்கு மேல் தூர் கட்டாமல் இருக்க, வேருக்குக் காற்றுப் போக, அறுப்புக்கு மெஷின் இறங்கும்போது தரை கெட்டியாக இருக்க. எங்கள் ஊரிலும் உண்டு, காய்ச்சலும் பாய்ச்சலும் என்போம், மண்ணில் முடி அளவு வெடிப்பு விட்டதும் தண்ணீர் கட்டுவோம் என்று என் அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். தாத்தாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். உடனே குனிந்து தரையில் விரலால் வெடிப்பு வரைந்து, "இவ்வளவா? இவ்வளவா?" என்று கேட்டார். அப்பாவைப் போனில் பிடித்து இரண்டு பேரையும் பேசவிட்டிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை.

பயிருக்கு அது நல்லது. வயலில் இருக்கிற தலைப்பிரட்டைக்கும் அயிரைக்கும் அது சாவு. சரியாக அதே வாரங்களில்தான் டோக்கிக் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கித் தானே இரை தேட ஆரம்பிக்கின்றன. கொக்கு கண்ணால் பார்த்துக் கொத்தும், இது மூக்கைச் சேற்றில் விட்டுத் துழாவித்தான் தின்னும், சேறு காய்ந்தால் பட்டினி. அதனால்தான் "எ". வயல் காய்கிற நாட்களில் அதில் மட்டும் தண்ணீர் நிற்கும், எல்லா உயிரும் அதில் போய் ஒதுங்கும், மறுபடி தண்ணீர் கட்டினதும் வயலுக்குத் திரும்பும்.

ஒரு பறவை மீண்டும் வந்த கதைக்கு ஏதோ பெரிய ஆய்வுக்கூடம், பெரிய காடு என்று நினைத்துக்கொண்டு போனேன். அதெல்லாமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாத்தா எனக்குக் காட்டினது ஒரு மண்வெட்டி அகல வாய்க்காலை.

———

பனிக்காட்டுக்காரி எழுதியது:

வடவாற்றான், நான் நீகாட்டாவில் மூன்று வருடம் படித்தேன், சாடோவுக்கு நான்கு தடவை போயிருக்கிறேன். நீங்கள் எழுதினதில் பறவை எப்படிப் போனது என்பது விட்டுப்போயிற்று.

டோக்கி ஒரு காலத்தில் ஜப்பான் முழுக்க சாதாரணமாக இருந்த பறவை. மெய்ஜி காலத்தில் (1868-க்கு அப்புறம்) துப்பாக்கி சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தது, இறகுக்காகச் சுட்டார்கள். மிச்சம் இருந்ததை மரம் வெட்டினதும், போருக்குப் பிந்தைய காலத்துப் பூச்சிமருந்தும் முடித்தன. 1981-இல் சாடோவில் மிச்சம் ஐந்தே ஐந்து. அந்த ஐந்தையும் கூண்டில் இனப்பெருக்கம் செய்யலாம் என்று பிடித்துவிட்டார்கள், அதோடு ஜப்பானில் வெளியே ஒன்றுகூட இல்லை. குஞ்சும் பொரிக்கவில்லை.

ஜப்பானின் சொந்த வம்சத்தில் கடைசி டோக்கியின் பேர் கின். அதற்கு முன்பே, 1968-இல், ஓர் ஊர்க்காரர் தினமும் தீனி போட்டுப் பழக்கிக் கையாலேயே பிடித்துக் கொடுத்த பறவை அது. அவர் பேரிலிருந்துதான் அந்தப் பேரையும் வைத்தார்கள். நம்பி வந்த பறவையைப் பிடித்துக் கொடுத்துவிட்டோமே என்று அந்த மனிதர் கடைசி வரை மனம் ஆறவில்லை என்று சாடோவில் சொல்வார்கள். கின் 2003-இல், கிழட்டு வயதில், திடீரென்று எழும்பிப் பறந்து கூண்டுக் கதவில் தலை மோதிச் செத்தது.

இப்போது பறப்பவை எல்லாம் 1999-இல் சீனா கொடுத்த ஜோடியில் ஆரம்பித்த சந்ததி. 2008 செப்டம்பரில் பத்துப் பறவைகளை வெளியே விட்டார்கள். 2010-இல் ஒரு விபத்து, வெளியே விடுவதற்கு முன் பழக்குகிற கூண்டுக்குள் மரநாய் மாதிரியான ஒரு பிராணி நுழைந்து ஒன்பதைக் கொன்றுவிட்டது. அந்தப் பிராணியே தீவுக்குச் சொந்தமானது இல்லை, மரக்கன்றுகளைக் கடிக்கிற முயலை ஒழிக்க என்று மனிதர்களே கொண்டுவந்து விட்டது! 2012-இல்தான் காட்டில் பொரித்த குஞ்சுகள் முதன்முதலாகப் பறந்தன. இப்போது வெளியே ஐந்நூறுக்கு மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து விவசாயிகளுக்கு டோக்கி செல்லப்பறவை இல்லை. நட்ட நாற்றை மிதித்துவிடும் என்று விரட்டுவார்கள். அதை வைது பாடுகிற குருவி ஓட்டும் பாட்டே உண்டு.

———

பழைய_பண்ணையார் எழுதியது:

தம்பி, நன்றாக எழுதுகிறாய். ஆனால் எனக்கு ஒன்று மட்டும் சொல். வயலில் ஒரு மண்வெட்டி அகலம் சுற்றி வெட்டினால் அத்தனை நடவு போகிறது. மருந்தும் உரமும் குறைத்தால் மகசூல் போகிறது. போகிறதை யார் தருகிறார்கள்? அதைச் சொல்லாமல் அயிரை, தவளை என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். 40 வருடமாக நிலத்தில் நிற்கிறேன், "இயற்கைக்குத் திரும்புங்கள்" என்று எனக்குச் சொன்னவன் ஒருத்தனும் வரப்பில் நின்று சொன்னதில்லை.

———

கூந்தன்குளத்தான் எழுதியது:

பண்ணையார் ஐயா கேட்பது நியாயம். ஆனால் நம்மிடம் இல்லாத ஒன்றை ஜப்பானில் போய்ப் பார்த்த மாதிரி எழுதுவதுதான் எனக்கு இடிக்கிறது. எங்கள் கூந்தன்குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், தீபாவளிக்கு வெடி கிடையாது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியிலும் அப்படித்தான். வேடந்தாங்கல்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் பறவையைச் சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள், ஏனென்றால் பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். எந்தச் சான்றிதழும் இல்லை, எந்த லேபிளும் இல்லை.

———

வடவாற்றான் எழுதியது:

கூந்தன்குளத்தான் அண்ணே, இல்லை என்று எங்கே சொன்னேன்? எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. தஞ்சாவூரில் பிறந்து வேடந்தாங்கலை ஸ்கூல் டூரில் ஒரே ஒரு தடவை பார்த்தவன் நான், அன்றைக்கும் பஸ்ஸில் வாந்தி எடுத்ததுதான் ஞாபகம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வேடந்தாங்கலிலும் உங்கள் ஊரிலும் பறவை தங்குவது குளத்திலும் மரத்திலும். அங்கே காப்பாற்றுகிற இடம் ஏரி. சாடோவில் பறவை நிற்பது தனியார் பட்டா வயலுக்குள்ளே. ஒவ்வொருத்தனும் தன் நிலத்தில் செய்தால்தான் உண்டு.

பண்ணையார் ஐயாவுக்கு. இதையேதான் தாத்தாவிடம் கேட்டேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். அங்கே "டோக்கியோடு வாழும் ஊர்" என்று ஒரு முத்திரை இருக்கிறது, பறவைகளை வெளியே விட்ட சமயத்தில் நகராட்சி ஆரம்பித்தது. அந்த முத்திரையில் அரிசி விற்க வேண்டுமானால் வழக்கமான அளவில் பாதிக்கு மேல் மருந்தையும் ரசாயன உரத்தையும் குறைக்க வேண்டும், வரப்பில் களைக்கொல்லி அடிக்கக்கூடாது, வருடத்துக்கு இரண்டு தடவை அந்த உயிர்க் கணக்கெடுப்பு செய்ய வேண்டும். அதற்கு மேல் "எ" வெட்டுவது, குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் நிறுத்தி வைப்பது, வடிகாலிலிருந்து மீன் வயலுக்கு ஏற வழி வைப்பது, இப்படி ஏதாவது ஒன்று செய்திருக்க வேண்டும். மீன் ஏற வழி எதற்கு என்றால், பழைய மண் வாய்க்காலை எல்லாம் எடுத்துவிட்டு ஆழமான கான்கிரீட் வடிகாலாக்கிவிட்டார்கள், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஓராள் இடுப்பு உயரச் சுவர், அயிரை எப்படி ஏறும்?

கட்டுபடியாகிறதா என்று கேட்டதற்குத் தாத்தா சிரித்தார். "கூடுதலாக வருகிற விலை புல் வெட்டுகிற பெட்ரோலுக்குச் சரியாகப் போகிறது" என்றார். ஜோக்காகச் சொன்னாரா என்று அப்போது தெரியவில்லை. மறுநாள் புல் வெட்டப் போனபோது ஜோக் இல்லை என்று தெரிந்தது.

அந்தக் கதை: அவருக்குச் சமவெளியில் கொஞ்சமும் மலைச்சரிவில் அடுக்கு வயலாகக் கொஞ்சமும் இருக்கிறது. அடுக்கு வயலில் வரப்பு என்பது நம் வரப்பு மாதிரி இல்லை, ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே ஆள் உயரச் சரிவு, முழுக்கப் புல். களைக்கொல்லி அடித்தால் ஒரு மணி நேர வேலை. அடிக்க முடியாது, அடித்தால் புல்லின் வேர் செத்து மழைக்குச் சரிவே இடிந்து விழும் என்றும் சொன்னார். தோளில் மாட்டுகிற மெஷினை என்னிடம் கொடுத்து, பாட்டி என் கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டு, கண்ணாடி மாட்டிவிட்டு, அனுப்பினார்கள். நாற்பது நிமிடத்தில் என் கை தானாக ஆட ஆரம்பித்தது, மெஷினைக் கீழே வைத்த பிறகும் ஆடியது, டீ குவளையைப் பிடிக்க முடியவில்லை. தாத்தா அதே நேரத்தில் மூன்று சரிவை முடித்துவிட்டு மேலிருந்து கையசைத்தார். ஏப்ரலில் ஆரம்பித்து அறுப்பு வரை இதை மறுபடி மறுபடி செய்கிறார்கள்.

புல்லை விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். புல் கதிர் வைத்தால் அதில் நாவாய்ப்பூச்சி வந்து குடியேறும், நெல் பால் பிடிக்கிற நேரத்தில் அங்கிருந்து வயலுக்குள் போய் மணியில் சாறு உறிஞ்சும், உறிஞ்சின இடத்தில் அரிசியில் கறுப்புப் புள்ளி விழும். அந்த ஊர் தரக் கணக்கில் ஆயிரம் மணிக்கு ஒன்றுக்கு மேல் அப்படி இருந்தால் முதல் தரம் போய்விடும். ஆயிரத்தில் ஒன்று! எங்கள் வீட்டில் ஒரு மரக்கால் அரிசியில் கல் பொறுக்கினாலே அதை விட அதிகம் வரும். அந்தப் புள்ளி விழுந்த அரிசியைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பார்வைக்கு மட்டும்தான். பட்டணத்துக்காரன் கண்ணுக்கு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஊர் ஊராக மருந்து அடிக்கிறார்கள், நானும் டோக்கியோவில் அந்த வெள்ளை அரிசியைத்தான் இத்தனை வருடம் பார்த்து வாங்கினேன்.

———

பழைய_பண்ணையார் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். புல் வெட்டிக் கை ஆடினதை எழுதினாய் பார், அதற்காக. வரப்புக்கு அண்டை கழிக்கிறார்களா அங்கே? நண்டு உண்டா?

———

வடவாற்றான் எழுதியது:

உண்டு ஐயா, நடவுக்கு முன்னால் வரப்பின் உள்பக்கம் சேறு பூசி மெழுகுகிறார்கள், இப்போது டிராக்டரில் மாட்டுகிற கருவி இருக்கிறது, மூலை முடுக்கில் மண்வெட்டிதான். நண்டுக்குப் பதில் அவர்களுக்கு மோகுரா என்று ஒரு எதிரி, மண்ணுக்குள்ளேயே சுரங்கம் போட்டுத் திரிகிற பிராணி, எலி அளவுக்கு இருக்கும், கண் இருக்கிற இடமே தெரியாது. அது வரப்பில் ஓட்டை போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் கீழ் வயலுக்குப் போய்விடும். தாத்தா காலையில் எழுந்ததும் காப்பி குடிக்கிறாரோ இல்லையோ, வரப்பைச் சுற்றி ஒரு நடை. அப்பாவும் அப்படித்தான்.

———

பனிக்காட்டுக்காரி எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை, நானே தொடுகிறேன், கொஞ்சம் கசப்பாக இருக்கும். சாடோவின் ஜனத்தொகை 1950-இல் 1,25,000. 2020-இல் 51,000 சொச்சம். ஜப்பான் முழுக்கவே விவசாயத்தைத் தொழிலாகச் செய்பவர்களின் சராசரி வயது 2020 கணக்கெடுப்பில் 67.8. நீங்கள் தங்கின வீட்டுத் தாத்தா அங்கே கிழவர் கணக்கில் வரமாட்டார், நடுவயது!

நான் கடைசியாகப் போனபோது தெற்கு மலைப்பக்கம் ஓர் ஊரில் அடுக்கு வயலில் மேலே இருக்கிற ஏழெட்டு அடுக்கு புதராகக் கிடந்தது. மேல் வயலை விட்டால் வாய்க்காலைத் தூர்வார ஆள் குறைகிறது, கீழ் வயலுக்குத் தண்ணீர் குறைகிறது, அப்புறம் அதையும் விடுகிறார்கள். அப்படி விட்ட வயல்கள் சிலவற்றில் தண்ணீர் நிறுத்திப் பறவைக்கென்றே குட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். அதையும் பராமரிப்பது அதே 70 வயதுக்காரர்கள்தான். அரசாங்கமே 1970-களிலிருந்து 2018 வரை நெல்லைக் குறைக்கச் சொல்லிக் காசு கொடுத்தது, 2024-இல் திடீரென்று அரிசி போதவில்லை, அடுத்த வருடத்துக்குள் கடையில் விலை இரண்டு மடங்கு ஆனது. அந்தச் சமயத்தில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார், "இத்தனை வருஷம் வேண்டாம் வேண்டாம் என்றார்கள், இப்போது வேண்டும் என்றால் யார் இறங்குவது?" என்று.

பறவை ஐந்நூறு ஆகிவிட்டது. ஆள்தான் குறைகிறது.

———

சும்மா_ஒருவன் எழுதியது:

அக்கா, காலையில் எழுந்து இதைத்தான் படிக்க வேண்டுமா.

சரி, நான் போனால் எப்போது போவது? ரோஸ் நிறத்தில் பார்க்க வேண்டும், கரி பூசினது வேண்டாம்.

———

பனிக்காட்டுக்காரி எழுதியது:

செப்டம்பர் கடைசி, அக்டோபர். அறுப்பு முடிந்த தாளடியில் கூட்டமாக மேயும், பூச்சும் போய்ப் புது இறகு வந்திருக்கும். பஸ் குறைவாகத்தான் ஓடும், கார் எடுத்துக்கொள்ளுங்கள். காரை விட்டு இறங்காதீர்கள், வடவாற்றான் சாட்சி. கிடைக்கவே இல்லை என்றால் டோக்கி வனப் பூங்கா என்று இருக்கிறது, கூண்டில் பார்க்கலாம். அந்தச் சமயத்தில் பேரிக்காய் மாதிரி இனிக்கிற, விதையில்லாத சீமைப்பனிச்சை (பெர்சிமன் பழம்) பழுக்க ஆரம்பித்திருக்கும், ஒரு பெட்டி வாங்கி வாருங்கள்.

———

மணல்மேடு எழுதியது:

நான் மயிலாடுதுறை பக்கம். இதை எல்லாம் ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இந்தக் குறுவையில் கீழண்டை மூலையில், எப்படியும் தண்ணீர் தேங்கிப் பயிர் மஞ்சளாகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே மட்டும் ஒரு இருபதடிக்கு முழங்கால் ஆழம் வெட்டினேன். பக்கத்து வயல்காரர் "என்ன மாப்ள, குழி தோண்டிப் புதைக்கப் போறியா கடனை?" என்றார். வீட்டில் ஏற்கெனவே பேச்சு வாங்கியாயிற்று, சித்தப்பா வந்து "நல்ல நெலத்தைப் பாழ் பண்றான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

போன வியாழன் காயப் போட்டேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் குழியில் தலைப்பிரட்டை கறுப்பாக மொய்க்கிறது, வயல் நத்தை அத்தனையும் அங்கே. ஒரு மடையான் கொக்கு கரையில் உட்கார்ந்திருந்தது, நான் கிட்டே போயும் எழவில்லை, அதற்கு அவ்வளவு மும்முரம். அயிரை மட்டும் இல்லை. எங்கள் வாய்க்காலில் அயிரையைப் பார்த்தே பல வருடம் ஆகிறது, இருந்தால்தானே வரும்.

அதான் ஒரு சந்தேகம். கொள்ளிடம் பக்கம் ஒருவர் அயிரை பிடித்து விற்கிறார், உயிரோடு தருகிறேன் என்கிறார். கொண்டுவந்து விட்டால் நிற்குமா, இல்லை அடுத்த தண்ணீருக்கு மடை வழியாக ஓடிவிடுமா? அந்தத் தாத்தா மடைவாயில் வலை ஏதாவது கட்டியிருந்தாரா, பார்த்தீர்களா?

———

வடவாற்றான் எழுதியது:

வலை பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய்கிறேன், மாதம் ஒரு தடவை பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். குழியை ஒரு படம் எடுத்துப் போடுங்கள் அண்ணே, மடையானோடு. அவருக்கு அனுப்ப வேண்டும். அப்பாவும் கேட்கிறார்.